மேற்படியார் வயிற்றில் குடியிருப்போர்

அறந்தாங்கிக்கு வெளியே, முன்பு நெல் அரைக்கும் மில்லாக இருந்த கட்டடத்தில், கருவள நுண்ணுயிர் மேம்பாட்டு மையம் நடந்துவந்தது. அதன் வாசலில் இரண்டு பலகைகள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே உள்ளே வரவேண்டும் என்றது ஒன்று. சோப்பு நுண்ணுயிர்களின் முதல் எதிரி, அதை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றது மற்றது. கார்முகில் இரண்டையும் இரண்டு முறை படித்துவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அவன் மனைவி சுடர்விழி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு விதிக்கும் சமமாக மரியாதை செய்யவேண்டும் என்று இடது கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று மூன்று ஊர் டாக்டர்களும் சோதித்துப் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குறை இருக்கிறது என்றால் மருந்து கேட்கலாம். குறையே இல்லை என்கிறவரிடம் எதைக் கேட்பது?

கார்முகில் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் மெஷின் பார்க்கிறவன். சிங்கப்பூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அவன் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த மாசி வரைக்கும் தவணை வாங்கியிருந்தான். சித்திரையிலிருந்து மாசிக்குள் நடந்தால் உண்டு. இல்லாவிட்டால் அவன் திரும்பி வரும்போது சுடர்விழிக்கு முப்பத்தேழு நடந்துகொண்டிருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை, தனக்குத்தானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்வாள்.

மையத்தைப் பற்றி அவள் ஒரு நோட்டீஸில் படித்தாள். பிள்ளை பிறக்காததற்குக் காரணம் கணவனும் அல்ல, மனைவியும் அல்ல, அவர்களுக்குள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் என்றது நோட்டீஸ். ஏழு வருடம் ஊரார் வாயில் விழுந்தவளுக்கு, பழியைச் சுமக்க மூன்றாவதாக ஒரு ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. விஷயம் முழுப் பொய்யும் அல்ல. உடம்பில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் கருத்தரிப்புக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஆராய்கிறார்கள், இந்த மையம் முடித்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிவுக் கவுன்ட்டரில் பதினான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பத்து வயது வரைக்கும் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள், சாணி மெழுகிய தரையில் தவழ்ந்தது உண்டா, ஆட்டுக்குட்டியை முத்தமிட்டிருந்தால் எத்தனை முறை, கடைசியாக மண் தின்ற தேதி என்ன. கடைசிக் கேள்விக்கு நினைவில்லை என்று கார்முகில் எழுதினான். அப்படி எழுதக் கூடாது, உத்தேசமாக ஒரு தேதி போடுங்கள் என்று கவுன்ட்டர்ப் பெண் சொன்னாள். அவன் தன் பள்ளிக்கூட விடுமுறையில் ஒன்றைப் போட்டான்.

படிவத்தை வாங்கிப் பார்த்த அந்தப் பெண் முகம் மலர்ந்தாள்.

"கார்முகில், சுடர்விழி. பேரே சுத்தத் தமிழா இருக்கே. ஒங்களுக்குத் தமிழ் ஃபைல் போட்டுர்றேங்க."

அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவரை வந்த நானூற்றுப் பதினாறு தம்பதிகளுக்கும் ஆங்கில ஃபைல். ஆனால் ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் தமிழிலும் சேவை நடக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்டவேண்டியிருந்தது. அதற்கென்றே பெரியண்ணன் என்பவரைத் தமிழாக்க அலுவலராகப் போட்டு, ஒரு வருடமாக அவர் வேலையில்லாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர் அவர். கார்முகிலின் ஃபைல் மேஜைக்கு வந்ததும் பேனாவைத் திறந்து உதறிக்கொண்டார்.

மையத்தில் நோயாளி என்ற சொல்லுக்குத் தடை. வருகிறவர்கள் கோடிக்கணக்கான உயிர்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போடுகிறவர்கள், ஆகையால் விருந்தோம்புநர். கார்முகில் தம்பதிக்கு விருந்தோம்புநர் எண் 417 என்று கழுத்தில் அட்டை மாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் நன்னுயிர்க் குறியீடு என்று ஒரு மதிப்பெண் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால்தான் இயக்குநர் டாக்டர் ஆத்மநாதனைப் பார்க்கலாம், அவரைப் பார்த்தால்தான் பிள்ளைக்கான சிகிச்சை. மூன்று வருடத்தில் யாரும் அறுபதைத் தாண்டவில்லை. பிள்ளைக்கான பிரிவு எந்தப் பக்கம் என்று கார்முகில் கேட்டதற்கு, அது இரண்டாம் கட்டம், இன்னும் கட்டவில்லை என்று வாட்ச்மேன் கொல்லைப்புறத்தைக் காட்டினார். அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மலத்துக்கு மையத்தில் வயிற்று மாதிரி என்று பெயர்; சோதனைக்கு அதைக் குளிர் குறையாமல் கொண்டுவரவேண்டும் என்றார்கள். குளிர்தானே, கார்முகிலின் தொழில் அது. ஐஸ் பிளான்ட்டிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, கட்டி ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் டப்பாவை வைத்து, காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். பெட்டியில் முந்தின நாள் வரைக்கும் மீன் இருந்திருக்கிறது. கண்டக்டர் மோப்பம் பிடித்து வந்து, மீனுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும் என்றார். மீன் இல்லை என்று கார்முகில் சொன்னான். பின்னே என்ன என்று கேட்டார். பஸ்ஸில் எழுபது பேர் இருந்தார்கள். அவன் லக்கேஜ் டிக்கெட் எடுத்துக்கொண்டான்.

வைகாசியில் அறிக்கை வந்தது. பெரியண்ணன் பச்சைத் தாளில், விளிம்பு விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

"மேற்படி மாவட்டம் ஜெகதாப்பட்டினம் கிராமத்தில் வசிக்கும் செல்லமுத்து குமாரர் கார்முகில் (1), மேற்படியார் மனைவி சுடர்விழி (2) ஆகிய இருவருக்கும் மையத்தார் எழுதிக்கொடுத்த வயிற்று அறிக்கை என்னவென்றால், மேற்படியார் வயிற்றில் வடக்கே இரைப்பை, தெற்கே மலக்குடல், கிழமேலாய் இரு விலாவும் ஆக இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பரப்பில் பூர்வீகமாய்க் குடியிருந்து ஆண்டு அனுபவித்துவரும் நல்ல நுண்ணுயிர்கள் நூற்றுக்கு முப்பத்தொன்று மட்டுமே. ஏனையவை ஆக்கிரமிப்பு. 1-வது நபர் வயிற்றில் கடல்சார் நுண்ணுயிர்கள் எல்லை தாண்டிப் பிரவேசித்திருப்பது வில்லங்கமாகும். 2-வது நபருக்குப் பண்பாட்டுச் சோதனை செய்து பார்த்ததில் வளர்ச்சி ஏதும் காணப்படவில்லை."

எல்லை தாண்டி என்ற சொல்லைப் படித்ததும் கார்முகிலுக்கு நெஞ்சு பதறியது. அந்தக் கரையில் யாருக்கும் பதறும். மறுபடி படித்து, நுண்ணுயிரைத்தான் சொல்கிறார்கள், தன்னை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு தண்ணீர் குடித்தான்.

அவன் அம்மா கண்ணாத்தாளுக்கு வேறு இடத்தில் கோபம் வந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்.

"எம் மருமகளுக்குப் பண்பாடு வளரலன்னு எழுத இவுக யாரு? ஏழு வருசமா ஒரு சொல்லு எதுத்துப் பேசியிருப்பாளா? வாரேன், நானே வந்து கேக்குறேன்."

ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதை ஆங்கிலத்தில் கல்ச்சர் என்பார்கள், அதைப் பெரியண்ணன் அப்படிப் பெயர்த்திருக்கிறார் என்று சுடர்விழி விளக்கினாள். கண்ணாத்தாளுக்குத் திருப்தியில்லை. அந்த ஆளின் பண்பாட்டையும் ஒரு நாள் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறிக்கையின் கடைசிப் பத்தியில் சிகிச்சை இருந்தது. "மேற்படி வில்லங்கம் தீரும் பொருட்டு, தம்பதியர் இருவரும் இரவுதோறும் தவறாது உறை பயன்படுத்தி வரவேண்டியது. ஒரு நாள் தவறினும் முதல் நாளிலிருந்தே எண்ணப்படும்."

வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் அதை மூன்று தடவை படித்தார்கள்.

"உறைன்னா," என்றான் கார்முகில்.

"அதுதான்," என்றாள் சுடர்விழி.

"புள்ள வேணும்னுதானே போனோம்?"

அவளுக்கும் குழப்பம்தான். ஆனால் படித்தவளுக்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவனிடமிருந்து கடல் கிருமி இவளுக்கு வருகிறது, கொஞ்ச நாள் அடைத்துவைத்தால் உள்ளே இருப்பது சுத்தமாகும், பிறகு திறந்துவிடுவார்கள் என்று அவள் விளக்கினாள். ஐஸ் பிளான்ட்டில் அமோனியா லைனை மூடிவைத்து ரிப்பேர் செய்வது இல்லையா, அதுபோல என்றாள். அமோனியா என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இருந்தாலும் அடுத்த வாரம் மையத்தின் ஆலோசகர் சொர்ணவல்லியிடம் தனியாகக் கேட்டாள்.

"மேடம், அதுல உறைன்னு போட்டுருக்கே."

"ஆமாங்க. அதுதானே உயிர்நாடி."

"அதைப் போட்டா எப்படி மேடம், புள்ளைக்கு?"

"அதைப் போட்டாத்தாங்க. மொதல்ல உள்ள நல்ல கூட்டம் சேரணும்ல? மத்ததெல்லாம் அப்பறம்."

"தினமும் புதுசு வாங்கணுங்களா?"

"எதுக்குங்க? நேத்து உள்ளதையே எடுத்து வச்சுக்கிட்டா இன்னைக்கு ஆச்சு. எங்க வீட்ல மூணு வருசமா ஒரே உறைதான் ஓடுது. எங்க நாத்தனாளுக்கும் அதுலேருந்துதான் குடுக்குறேன்."

சுடர்விழி வெளியே வந்தாள். சிகிச்சையை அப்படியே தொடரச் சொன்னார்கள் என்பதை மட்டும் கணவனிடம் சொன்னாள். சிக்கனம் பற்றிய பகுதியை விட்டுவிட்டாள். அதன்பின் சொர்ணவல்லியின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை, நாத்தனாரை நினைத்துத்தான் அதிகம் வருத்தப்பட்டாள்.

கார்முகிலின் பாடு இன்னும் மோசம். உள்ளூர் மெடிக்கலில் வாங்க முடியாது. பிள்ளை இல்லாத வீட்டுக்காரன் இதை ஏன் வாங்குகிறான் என்று கேட்பார்கள். ஒரு வாரம் மீமிசல், ஒரு வாரம் கோட்டைப்பட்டினம், ஒரு வாரம் மணமேல்குடி என்று சுற்றி வாங்கினான். ஏழாவது வாரம், எப்படியோ வீட்டு விவரம் தெரிந்துகொண்ட மீமிசல் கடைக்காரர் அவனைத் தனியே கூப்பிட்டு, தம்பி தப்பா நெனைக்காதீங்க, ஒங்களுக்குப் புள்ள இல்லாததுக்கு எனக்கு ஒரு காரணம் தோணுது என்று ஆரம்பித்தார். டாக்டர் சொன்னது என்றான் இவன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் எந்த டாக்டரையும் நம்புவதில்லை என்று கேள்வி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கண்ணாத்தாள் பச்சைத் தாளை எழுத்துக்கூட்டி முடித்து, அந்தக் கடைசிப் பத்திக்கு ஒருநாள் வந்து சேர்ந்தாள்.

"இதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக? ஒறை எல்லார் வீட்லயும் உள்ளதுதானே. நம்ம வீட்ல இல்லாட்டி அடுத்த வீட்ல கேட்டா குடுக்க மாட்டாகளா?"

"வேணாங்கத்தை."

"இதுல என்ன கூச்சம்? ஞானமணி வீட்டு ஒறை நல்லா கெட்டியா இருக்கும். நான் வேணும்னா ஒரு கிண்ணத்துல வாங்கியாரேன்."

சுடர்விழி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் வராத குழாயடிக்குப் போய் அரைமணி நேரம் நின்றாள். மாமியாரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? கிண்ணம் என்ற சொல் அவளைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வெட்கம் வந்துவிட்டால் மூளை வேலை செய்யாது, கணக்கு டீச்சருக்கும் அப்படித்தான்.

அவள் காலண்டரில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு டிக் போட்டாள். பத்து மணி நேரம் மெஷினோடு நின்றுவிட்டு வருகிறவன் சில நாள் சாப்பிட்ட கையோடு தூங்கிப் போவான். எழுப்பிவிடுவாள். ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து எண்ணுவார்கள் என்று எழுதியிருக்கிறதே. காய்ச்சலிலும் தவறவில்லை, தீபாவளிக்கும் தவறவில்லை. ஆசைக்கு நடக்கவேண்டியது அட்டவணைக்கு நடந்தது. அது அவர்களுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மாசி நெருங்கிக்கொண்டிருந்தது, மதிப்பெண்ணோ ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று நாற்பத்துநாலாயிற்று, ஐம்பத்தெட்டாயிற்று, எழுபத்தொன்று, எண்பத்துமூன்று. மார்கழியில் தொண்ணூற்றுநாலு.

மையம் அல்லோலகல்லோலப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மூன்று முறை திரும்பச் சோதித்தார்கள். ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து 417-ஐ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மாதமே மூன்றாம் ஆண்டு விழா என்று அறிவித்து, பந்தல் போட்டு, நானூற்றுச் சொச்சம் தம்பதிகளையும் வரவழைத்தார்கள். தன்னை இனி டாக்டர் பார்ப்பார், பார்த்ததும் சிகிச்சை தொடங்கும், இரண்டு மாதம் இருக்கிறது, போதும் என்று சுடர்விழி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாத்தாளும் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஆத்மநாதன் பேசினார். அவருக்குக் குரல் நன்றாக இருந்தது.

"நாங்கள் வருவதற்கு முன்பு இந்த மாவட்டத்தில் மக்கள் எந்தக் குறியீடும் இல்லாமல் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். தன் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாமல் பத்துப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் உண்டு. அதையெல்லாம் நாம் மாற்றியிருக்கிறோம். இன்று இங்கே இருக்கிற ஒரு பெண்கூடத் தெரியாத்தனமாகக் கருத்தரிக்க முடியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள்.

"மூன்று வருடத்தில் இந்த மையத்தில் எத்தனை குழந்தை பிறந்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். குழந்தை ஒன்று பிறக்கும், அதிகம் போனால் இரண்டு. நுண்ணுயிர்? இதோ உட்கார்ந்திருக்கிற இந்தத் தாய் இன்று முப்பத்தெட்டு லட்சம் கோடி உயிர்களுக்குத் தாய். இதைவிடப் பெரிய குடும்பம் உலகத்தில் உண்டா?"

சுடர்விழியை மேடைக்கு அழைத்து, முப்பத்தெட்டு லட்சம் கோடிக்குத் தாய் என்று அச்சடித்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வாங்கி, முதல் தடவையாகத் தன் பெயருக்குப் பின்னால் தாய் என்ற சொல்லைப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று சொர்ணவல்லி மைக்கில் அறிவித்தாள்.

"உங்கள் ரகசியத்தை மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும்," என்றார் டாக்டர். "எல்லோருக்கும் அதே உறைதான் கொடுத்தோம். அவர்களெல்லாம் ஐம்பதில் நிற்கிறார்கள். நீங்கள் மட்டும் எப்படி? பசும்பாலா, எருமைப் பாலா?"

"பால் எதுக்குங்க சார்?"

"உறை ஊற்றத்தானே அம்மா. தயிருக்கு."

ஞானமணி வீட்டுக் கிண்ணம், சொர்ணவல்லியின் நாத்தனார், நேற்று உள்ளதில் கொஞ்சம் எடுத்துவைப்பது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் மனதில் இடம் மாறி உட்கார்ந்தன. அவள் டிக்குகளை எண்ணி வைத்திருந்தாள். இருநூற்று முப்பத்தொன்று. ஏழரை மாதம். அவளிடம் இருந்த நாளில் பெரும்பகுதி அது.

"நாங்க ஊத்தலைங்க சார்," என்றாள் மைக்கில். "போட்டோம்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பின்வரிசை ஆண்களில் ஒருவர் சிரித்தார். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கண்ணாத்தாள் பக்கத்துப் பெண்ணிடம் விவரம் கேட்டு, அந்தப் பெண் காதில் சொல்ல, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்முகில் மேடையேறிப் போய் மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டான். சிரிக்கிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தான்.

உடனே இயக்குநர் அறையில் விசாரணை. பெரியண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"உறைன்னா உறைதாங்கய்யா. முப்பத்திரண்டு வருசம் பத்திரம் எழுதியிருக்கேன், ஒரு சொல்லால ஒரு கேஸ் வந்ததில்ல."

"தயிர் என்று எழுதியிருக்கக் கூடாதா?"

"ஒறை ஊத்துனா தயிராகும், தயிரானா திம்பாங்க. இதையெல்லாமா பத்திரத்துல எழுதுவாங்க? மோட்டுல மழை பேஞ்சா தண்ணி பள்ளத்துக்கு ஓடும்னு கிரயப் பத்திரத்துல போடுறோமா?"

டாக்டர் ஆத்மநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று கார்முகில் நினைத்தான். பரவாயில்லை சார் என்று சொல்லக்கூடத் தயாரானான், அவன் சுபாவம் அப்படி. டாக்டர் நிமிர்ந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"தயிர் சாப்பிட்டவர்களெல்லாம் ஐம்பது. இவர்கள் தொண்ணூற்றுநாலு. சொர்ணவல்லி, இதன் அர்த்தம் புரிகிறதா? வெளியாள் நுழைவு இல்லை. உள்ளே இருப்பவர்கள் தொந்தரவில்லாமல் பெருகியிருக்கிறார்கள். நாம் மூன்று வருடமாகத் தேடியது இதைத்தான்."

அடுத்த திங்கள் முதல் எல்லா விருந்தோம்புநர்களும் இதையே பயன்படுத்தவேண்டும், ஆங்கில ஃபைல்களையும் திருத்துங்கள் என்று அங்கேயே உத்தரவு போட்டார். பெரியண்ணன் பேனாவை உதறினார்.

"சார்," என்றாள் சுடர்விழி. "அப்ப புள்ள எப்படிங்க சார் வரும்?"

டாக்டர் அவளை அன்போடு பார்த்தார்.

"அவசரப்படக் கூடாதம்மா. இப்போதுதான் தொண்ணூற்றுநாலு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் கருத்தரித்துக் குறியீட்டைக் கெடுத்துக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்? இரண்டு வருடம் இதே நிலை நீடிக்கட்டும், பிறகு பேசுவோம். கர்ப்பத்தினால் நுண்ணுயிர்கள் எவ்வளவு பாதிக்கப்படுகின்றன தெரியுமா?"

அவர்கள் பஸ் ஏறினார்கள். ஆவுடையார்கோவில் தாண்டியதும் கண்ணாத்தாள் முன்சீட்டிலிருந்து திரும்பி, ஞானமணி வீட்ல கிண்ணத்துல வாங்கியாரேன்னு சொன்னேனே, அப்ப என்னைப் பத்தி என்னடி நெனைச்ச என்று கேட்டாள். சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. கார்முகிலுக்கும் வந்தது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், மற்ற இருவரும் நிறுத்திய பிறகும் சுடர்விழியின் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழரை மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? கண்ணாத்தாள் எழுந்து பின்சீட்டுக்கு வந்து, மருமகளைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிரவு சுடர்விழி காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் போட்டாள். தை பிறந்ததும் கண்ணாத்தாள், மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஐந்து வாரம் தங்கினாள். சிங்கப்பூருக்குப் போகும் பெட்டி அறை மூலையில் பாதி அடுக்கியபடி கிடந்தது. அதை இருவரும் பார்க்காததுபோல் தாண்டிப் போனார்கள். மையத்திலிருந்து வீடு தேடி வந்து மாதிரி கேட்டார்கள். வந்த பெண் வெயிலில் நடந்து வந்திருந்தாள், பாவம் என்று சுடர்விழி கொடுத்தனுப்பினாள்.

மாசிக் கடைசியில் கார்முகில் விமானம் ஏறினான். திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போகிறவன் நாலு முறை திரும்பி வந்தான். நாலாவது முறை, போகவில்லை, வேலை வேண்டாம் என்றான். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு மாதம் லீவு உண்டு, அதை எப்போது எடுக்கவேண்டும் என்று கணக்குப் போட்டாயிற்று, போய்ட்டு வாங்க என்று அவள் அனுப்பிவைத்தாள்.

பங்குனியில் மையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. பச்சைத் தாள், விளிம்பு விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"விருந்தோம்புநர் எண் 417-க்கு அறிவிப்பு என்னவென்றால், தொண்ணூற்றுநாலாக இருந்துவந்த மேற்படியாரின் நன்னுயிர்க் குறியீடு தை மாத மாதிரியின்படி ஐம்பத்தாறாகச் சரிந்துள்ளது. மையத்தின் அனுமதியின்றி விதிமீறல் நடந்திருப்பதாகத் தெரியவருகிறது. மேற்படி சரிவுக்கான காரணத்தைப் பதினைந்து நாளைக்குள் பெயர் விவரத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியது. தவறினால் நேரில் ஆஜர்படுத்த வேண்டியது."

சுடர்விழி அதை வீடியோ காலில் கணவனுக்கு முழுதும் படித்துக் காட்டினாள். பிறகு பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, மேலே தேதி போட்டு, கோடு தாண்டாமல் பதில் எழுதினாள்.

"ஐயா, வணக்கம். சரிவுக்கான காரணத்தைப் பெயர் விவரத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்க இயலவில்லை. இன்னும் பெயர் வைக்கவில்லை. புரட்டாசியில் பிறந்ததும் நேரில் தூக்கி வருகிறோம்."